செங்காவி குழைக்கும் முன் ஒரு கேள்வி

அக்கி எழுதும் ஐயாமார்களே, அம்மாமார்களே,

உடம்பில் அக்கி கண்டால், எங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்றும் முதலில் கேட்பது "வேளார் வீட்டுக்குப் போனியா?" என்றுதான். ஆஸ்பத்திரி பேச்சு அதற்கு அப்புறம். விலா ஓரத்தில் கொப்புளங்கள் கொத்துக்கொத்தாய்ப் பொங்கி, துணி பட்டாலே எரிகிற நிலையில் ஆள் உங்கள் திண்ணையில் வந்து உட்காருகிறார். நீங்கள் காவிக்கல்லை உரைத்துக் குழைத்து, இறகால் தொட்டு எழுதுகிறீர்கள். முறை ஊருக்கு ஊர் வேறு. சில இடங்களில் சிங்கம் வரைவார்கள், சில இடங்களில் கொப்புளத்தைச் சுற்றிக் கோடு மட்டும். பலர் காசு கேட்பதில்லை, வெற்றிலை பாக்கோடு வைத்ததை எடுத்துக்கொள்கிறீர்கள். அக்கி வந்தவரை மருத்துவருக்கு முன்பே பார்க்கிறவர் நீங்கள் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவன். என் அடிவயிற்றில் வலப்பக்கம் இருப்பது என் அம்மா கொடுத்த சிறுநீரகம். அது நிலைக்க வேண்டும் என்றால் காலையும் இரவும் மணி தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும், உயிர் உள்ள வரைக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அக்கி வந்தால் அது நீங்கள் இத்தனை காலம் பார்த்துப் பழகிய அக்கி இல்லை. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். காவியைக் குழைக்கும் முன் வந்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உறுப்பு மாத்தி ஆபரேஷன் செஞ்சிருக்கீங்களா? அதுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" ஆமாம் என்றால், எழுதாமல் அன்றைக்கே அவரை அந்த ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள்.

உங்கள் தாத்தா காலத்தில் இந்தக் கேள்விக்குத் தேவையே இருந்திருக்காது. அப்போது உறுப்பு மாற்று என்பது பத்திரிகையில் படிக்கிற செய்தி. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் நிலைமையே மாறிவிட்டது. சென்னை ஸ்டான்லியிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் இன்று உறுப்பு மாற்று நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர், பூக்கட்டும் அம்மா என்று எல்லோரும் மாற்று உறுப்போடு ஊர் திரும்பி வாழ்கிறார்கள். உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஒருவர் இருக்கலாம். அக்கி வந்தால் அவரும் ஊர் வழக்கப்படி உங்களிடம்தான் வருவார்.

அக்கி சூட்டினால் வருகிறது என்றே நம் ஆட்கள் சொல்கிறார்கள். ஆனால் அதன் விதை சின்னம்மையில் இருக்கிறது. சின்னம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. பல பத்து வருடம் கழித்து, வயதாலோ நோயாலோ உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது, ஏதோ ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு நரம்பும் உடம்பின் ஒரு பாதியில் ஒரு பட்டை அளவுக்கே ஓடுகிறது. அதனால்தான் அக்கி பெரும்பாலும் இடமோ வலமோ ஒரு பக்கமாக நின்று, நடுக்கோட்டைத் தாண்டாமல் இருக்கிறது. கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே அந்த இடத்தில் குத்தலும் எரிச்சலும் தொடங்குவதும் நரம்பு வழியாக வருவதால்தான்.

சாதாரண உடம்பாக இருந்தால், கிருமி வெளியே வந்ததும் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு அதை மடக்கிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொப்புளம் காய்ந்து, மூன்று நான்கு வாரத்தில் பொருக்கு உதிரும். குளிர்ந்த காவி எரிச்சலுக்கு இதமாக இருக்கிறது, "சரியாயிடும்" என்று நீங்கள் சொல்கிற சொல் தெம்பு தருகிறது. ஆனால் புண்ணை ஆற்றுவது அந்த மனிதரின் சொந்த எதிர்ப்புச் சக்தி. உங்கள் கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்களிடம் வந்த நூறு பேருக்குக் குணமானது என்றால், அந்த நூறு பேரின் உடம்பும் உள்ளே நின்று வேலை செய்தது. எங்கள் உடம்பில் அந்த வேலையைச் செய்ய வேண்டியதை நாங்களே மாத்திரை போட்டுத் தணித்து வைத்திருக்கிறோம்.

ஏன் தணிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இன்னொருவரின் உறுப்பை உடம்பு அந்நியமாகப் பார்க்கும். அம்மாவின் சிறுநீரகமே ஆனாலும் அப்படித்தான். விட்டால் தாக்கி அழித்துவிடும். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரட்னிசோலோன் போன்ற மாத்திரைகள் அந்தத் தாக்குதலை அடக்கிவைக்கின்றன. அளவு தெரிந்து செய்ய வேண்டிய காரியம் இது. சூளையில் தீ குறைந்தால் பானை வேகாது, கூடினால் வெடித்துவிடும் என்பதைப் பானை வனையும் வேளாரான உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்திரை குறைந்தால் உறுப்பு போகும், கூடினால் கிருமி உள்ளே வரும். அதனால்தான் மாதாமாதம் ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். இவ்வளவு கவனமாக இருந்தும், மாற்று அறுவை முடிந்த முதல் நான்கு ஆண்டுகளுக்குள் 100 பேரில் 8 முதல் 11 பேருக்கு அக்கி வருகிறது. இதயமும் நுரையீரலும் மாற்றியவர்களுக்கு மாத்திரை கூடுதல் என்பதால் வாய்ப்பும் கூடுதல்.

வந்தால் என்ன ஆகும்? உங்கள் தொழிலிலேயே ஒரு பேச்சு இருக்கிறது. அக்கியின் இரண்டு முனையும் உடம்பைச் சுற்றிவந்து ஒன்று சேர்ந்தால் ஆள் பிழைப்பது கடினம் என்பார்கள். சாதாரண ஆட்களுக்கு இது வீண் பயம், நரம்பு நடுக்கோட்டில் நின்றுவிடுவதால் அக்கி பெரும்பாலும் சுற்றிவருவதில்லை. எங்களைப் பொறுத்தவரை அந்தப் பழைய எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. ஒரு பட்டையோடு நிற்காமல் மறுபக்கத்திலும், முகத்திலும், காலிலும் புதுக் கொப்புளங்கள் தெறித்தாற்போலக் கிளம்பினால், கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். அடுத்து அது நுரையீரலுக்குப் போகலாம், கல்லீரலுக்குப் போகலாம், மூளைக்கும் போகலாம். மூச்சு வாங்கும், கண் மஞ்சளாகும், பேச்சு குழறும், ஆள் மயங்குவார். இதில் உயிர் போனவர்கள் உண்டு.

இதைவிட ஏமாற்றுகிற ஒரு வகையும் இருக்கிறது. தோலில் ஒன்றுமே இருக்காது, வயிறு மட்டும் தாங்க முடியாமல் வலிக்கும். வாயுப் பிடிப்பு என்றும் குடல்வால் என்றும் நினைத்து நாட்கள் ஓடும். கொப்புளம் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும், சிலருக்கு வராமலே போகும். கிருமி குடலையும் கல்லீரலையும் முதலில் பிடித்துவிட்ட நிலை இது. மாற்று உறுப்போடு இருக்கிறவர் "வயிறும் வலிக்குது, இங்க நாலு கொப்புளமும் இருக்கு" என்று சொன்னால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வைக்காதீர்கள்.

உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது நாட்களைப் பற்றித்தான். பல ஊர்களில் அக்கி எழுத மூன்று நாள் வரச் சொல்வார்கள். கிருமியை அடக்கும் மருந்தும் கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், தொடங்கினால்தான் முழுப் பலன் தருகிறது. அதே மூன்று நாள் திண்ணையில் கழிந்துவிடுகிறது. நான்காம் நாள் கொப்புளம் பரவிய பிறகு, காவி பூசிய உடம்போடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பவர்களை எங்கள் ஓபி வரிசையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை, உங்கள் மேலும் இல்லை. யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நாள் கடந்து வந்தவரையும் "இனி என்ன, எழுதியே பார்ப்போம்" என்று நிறுத்திவைக்காதீர்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருக்கும் வரை எத்தனை நாள் ஆனாலும் மருத்துவர்கள் மருந்து தொடங்குவார்கள்.

அந்த மருந்தின் பெயர் அசைக்ளோவிர். அதன் பின்னால் இருக்கிற பெண்ணைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்கு ஆசை. அமெரிக்காவில் ஜெர்ட்ரூட் எலியன் என்று ஒருவர் இருந்தார். அவரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் சேர்ந்து உருவாக்கிய அசதயோபிரின் என்ற மாத்திரை வந்த பிறகுதான், உறவில்லாத ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவர் உடம்பில் வாழவைக்க முடிந்தது. பாஸ்டனில் ஜோசப் மரே 1962-ல் அதைச் செய்துகாட்டினார். பிறகு எலியனின் குழுவே 1970-களில் அசைக்ளோவிரையும் கொண்டுவந்தது. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற மாத்திரையும், அது தணிந்த வேளையில் எழும்புகிற அக்கியை அடக்கும் மாத்திரையும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை. 1988-ல் அவருக்கும் ஹிட்சிங்ஸுக்கும் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. நான் உயிரோடு இருந்து இதை எழுதுவதில் அந்த அம்மையாருக்கும் பங்கு உண்டு.

அதற்காக மெடிக்கல் ஷாப்பில் அசைக்ளோவிர் வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடாதீர்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு 800 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு ஐந்து வேளை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதே அளவு கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கி, ஆள் பிதற்றத் தொடங்கிவிடுவார், சிறுநீரகமும் அடிபடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும். பரவிய அக்கிக்கு மாத்திரை போதாது, படுக்கவைத்து ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிகளில் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார். அவருடைய எண் நோயாளியின் கைப்பேசியில் இருக்கும். உங்கள் திண்ணையில் இருந்தபடியே அந்த எண்ணை அழைக்கச் சொல்லுங்கள், அது போதும்.

வலி தாங்காமல் வருகிறவரைப் பார்த்து மனசு கேட்காமல் நாம் செய்கிற சில காரியங்களும் எங்களுக்கு ஆபத்தாகிவிடுகின்றன. உடைந்த கொப்புளத்தின் மேல் மண்ணோ காவியோ பட்டால், சாதாரண உடம்பு தாங்கும், எங்கள் உடம்பில் சீழ் பிடித்து ஆழமாக இறங்கும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை மாற்றுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உள்ளுக்குக் கொடுக்கும் பொடி, கஷாயம் எதுவாக இருந்தாலும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றலாம், இறக்கலாம். பம்பளிமாஸ் பழம் தின்றாலே ரத்தத்தில் அந்த மருந்து ஏறிவிடும் என்று எங்களுக்கு அதைத் தடுத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கொடுக்கும் ஒரு சிட்டிகை சூரணமும் எங்களுக்கு எப்படிப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஒன்று. அக்கியும் அம்மை வகைதானே, வீட்டில் அம்மன் வந்திருக்கும்போது இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று, பெரியவர்கள் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். வேப்பிலை கட்டுங்கள், விளக்கேற்றுங்கள், கும்பிடுங்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாற்று உறுப்புக்கான மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது. சில நாள் விட்டாலே உடம்பு அந்த உறுப்பைத் தள்ளத் தொடங்கிவிடும். எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்வார், சில சமயம் மைக்கோஃபினோலேட்டைக் குறைப்பதும் உண்டு. நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும். "மாத்திரையை நிறுத்தாதே" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு இருக்கிற மதிப்பு வேறு.

கேட்டாலும் எல்லோரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டிலும், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற இடத்திலும், ஆபரேஷனை மறைத்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் முன்னால் சட்டையைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? அடிவயிற்றில் ஒரு பக்கமாக வளைந்து இறங்கும் நீளத் தழும்பு இருந்தால் பெரும்பாலும் சிறுநீரகம். விலாவுக்குக் கீழே வயிற்றின் குறுக்கே அகலமாக ஓடினால் கல்லீரலாக இருக்கலாம். நெஞ்சின் நடுவில் நேர்கோடாக இருந்தால் இதய அறுவை. கையில் ரத்தக்குழாய் புடைத்து, தொட்டால் உள்ளே அதிர்வது தெரிந்தால், அது டயாலிசிஸுக்காகப் போட்ட ஃபிஸ்துலா. விரல்கள் லேசாக நடுங்கும், முகம் உப்பியிருக்கும், இரண்டும் மாத்திரையின் வேலை. மண்ணைத் தொட்ட மாத்திரத்தில் பதம் சொல்கிறவர்கள் நீங்கள். தழும்பைப் பார்த்ததும் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கும் இதே ஆபத்து உண்டு.

மாற்று உறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில இடங்களில் வரும் அக்கியை யாருக்கும் எழுதாதீர்கள். நெற்றி, இமை, மூக்கு இந்தப் பகுதியில் வந்தால் கண் போகும் அபாயம் உண்டு. குறிப்பாக மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் கண்டாலும் கண்ணுக்குப் போகிற நரம்பைக் கிருமி பிடித்திருக்கக்கூடும். காதிலும் காதைச் சுற்றியும் வந்தால் வாய் கோணலாம், காது மந்தமாகலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இடங்களில் வந்தால் பல மருத்துவர்கள் அட்மிஷன் போட்டு ஊசி மருந்தே கொடுப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காகவும் ஒரு செய்தி. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், சின்னம்மை வராத ஒருவருக்குச் சின்னம்மை வரலாம். நம் நாட்டைப் போன்ற வெயில் நாடுகளில் சின்னம்மை வராமலே பெரியவர்களானவர்கள் நிறைய. கர்ப்பிணி மருமகளும் கைக்குழந்தையும் இருக்கிற திண்ணை அது. எழுதினால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஒருவருக்குத் தொட்ட இறகை இன்னொருவருக்குத் தொடாதீர்கள். பரவிய அக்கியாக இருந்தால் காற்றிலேயே தொற்றும்.

வராமல் தடுக்க ஊசி இருக்கிறதா என்று வருகிறவர்கள் கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள். ஷிங்ரிக்ஸ் என்ற அந்தத் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கிடையாது. அமெரிக்காவில் 2017-ல் 50 வயது தாண்டியவர்களுக்கும், 2021-ல் எதிர்ப்புச் சக்தி குறைந்த 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அனுமதித்தார்கள். இந்தியாவில் 2023-ல் விற்பனைக்கு வந்தது. சிறுநீரக மாற்று செய்துகொண்ட 264 பேரிடம் நடத்திய ஆய்வில் உடம்பு அதற்கு நன்றாகவே எதிர்வினை காட்டியது, உறுப்பு நிராகரிப்பும் கூடவில்லை. முடிந்தால் மாற்று அறுவைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு தவணை, விலையும் அதிகம். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே இதை இலவசமாகப் போட வேண்டும் என்பது என் ஆசை. பிற மருந்துகளுக்கு இத்தனை செலவழிக்கிற அரசுக்கு இது பெரிய சுமையாக இருக்காது.

எல்லாம் ஆறிய பிறகும் சிலர் உங்களிடம் திரும்பி வருவார்கள். புண் காய்ந்து மாதம் மூன்றாகியும் அந்த இடம் எரிகிறது, மின்விசிறிக் காற்று பட்டாலே வலிக்கிறது, தூக்கம் போய்விட்டது, இன்னொரு முறை எழுதுங்கள் என்பார்கள். அக்கி திரும்பவில்லை, கிருமி புண்ணாக்கிவிட்டுப் போன நரம்பு வலிக்கிறது. மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு இந்த மிச்ச வலி அடிக்கடி வருகிறது. கேபாபென்டின், பிரெகாபலின் என்று அதற்கென்றே மாத்திரைகள் உள்ளன, அவற்றையும் சிறுநீரகத்தின் நிலை பார்த்தே அளந்து கொடுக்க வேண்டும். அவரையும் எழுதாமல் அனுப்புங்கள். பல மாதம் வலியோடு கிடந்தவருக்கு, இதற்கும் வைத்தியம் உண்டு என்று சொல்கிற முதல் ஆளாக நீங்கள் இருக்கலாம்.

அன்புடன்,
அம்மாவின் சிறுநீரகத்தோடு வாழும் ஒருவன்